ஜன்னலோரம் ஒரு சரித்திர நகரம்

தாம்பரம் ரெயில் நிலையம். காலை நேரம்.

மின்சார ரெயில் புறப்படுகிறது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை என்று ஊர்கள் ஓடி மறைகின்றன. 1931-ம் ஆண்டில் இந்தப் பாதைக்கு மின்சார ரெயில் வந்தது. அதில் தாத்தா வேலைக்குப் போனார். அப்பா போனார். இப்போது பேரன் கல்லூரிக்குப் போகிறான்.

ஜன்னலுக்கு வெளியே குன்றுகள் தெரிகின்றன.

"அப்பா, அது என்ன மலை?" என்று ஒரு குழந்தை கேட்கிறது.

"அது சும்மா மலைதான். நீ கையை உள்ளே வை" என்கிறார் அப்பா.

சும்மா மலையா? இல்லை. அந்த மலையில் ஆதி மனிதனின் கருவி இருக்கிறது. பல்லவ மன்னனின் உளி இருக்கிறது. இமயமலையை அளந்த கதை இருக்கிறது. குழந்தை சரியாகத்தான் கேட்டது. பதில் சொல்லத்தான் நமக்குத் தெரியவில்லை.

ஏழு நாளில் ஒன்பது ஊர்

இப்போது கூட்டமாகச் சுற்றுலா போகும் பழக்கம் பெருகிவிட்டது. இது நல்ல பழக்கம். தனியாகப் போக முடியாத பாட்டியும் கூட்டத்தோடு போகிறார். செலவு பங்காகிறது. பேச்சுத் துணை கிடைக்கிறது.

ஆனால் போய் வந்தவர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

"எத்தனை ஊர் பார்த்தீர்கள்?"

"ஏழு நாளில் ஒன்பது ஊர்!"

"அந்தக் கோட்டையில் என்ன பார்த்தீர்கள்?"

"கோட்டையா? அங்கே அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். செருப்பு விடும் இடத்தைத் தேடுவதற்குள் பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டார்!"

சிரிப்பு வருகிறது. ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல இது. பணம் போயிற்று. நாளும் போயிற்று. கையில் போட்டோ மட்டும் மிஞ்சியது. மனதில் என்ன தங்கியது?

பார்ப்பதற்குக் கண் மட்டும் போதாது. பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். இதற்கு ரஷ்யாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம்.

படமே இல்லாத படக்கூடம்

ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் என்று ஒரு நகரம். பீட்டர் என்ற மன்னர் 1703-ல் அமைத்தது. உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சுற்றிப் பார்க்கும் சரித்திர நகரம் அது. அங்கே 'எர்மிட்டாஜ்' என்ற மாபெரும் அருங்காட்சியகம் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது அந்த நகரின் பெயர் லெனின்கிராட். 1941-ல் ஜெர்மன் படை அதைச் சுற்றி வளைத்தது. முற்றுகை 1944 ஜனவரி வரை நீடித்தது. உணவு இல்லை. குளிருக்கு விறகு இல்லை. மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள்.

முற்றுகைக்கு முன்பே அருங்காட்சியக ஊழியர்கள் விழித்துக்கொண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருள்களைப் பெட்டிகளில் அடைத்து, இரண்டு ரெயில்களில் தூரப் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். ஓவியங்கள் போய்விட்டன. சட்டங்கள் மட்டும் சுவரில் தொங்கின.

குண்டுவீச்சில் கட்டடம் சேதம் அடைந்தது. அதைச் சுத்தம் செய்யப் படைவீரர்கள் வந்து உதவினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

பாவெல் குப்செவ்ஸ்கி என்ற வழிகாட்டி அந்த வீரர்களை அழைத்துக்கொண்டு கூடம் கூடமாக நடந்தார். ஒவ்வொரு வெறும் சட்டத்தின் முன்னாலும் நின்றார். அதில் இருந்த ஓவியத்தைச் சொல்லாலேயே காட்டினார். எந்த இடத்தில் யார் நிற்கிறார், முகம் எப்படி இருக்கும், வெளிச்சம் எங்கிருந்து விழும் என்று விளக்கினார். வீரர்கள் வெறும் சட்டத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

அங்கே படம் இல்லை. சொல்ல ஆள் இருந்தார். இங்கே மலை இருக்கிறது. சொல்ல ஆள் இல்லை!

நாம் ஒன்றும் சிறியவர்கள் அல்ல

தாம்பரம் என்றால் பலருக்கு ரெயில் மாறும் இடம்தான். 2021-ல் அது மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரமும் பம்மலும் அதில் சேர்ந்தன. அடுக்குமாடி வீடுகள் எழுகின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் ஏராளம். "இந்த ஊரில் என்ன இருக்கிறது பார்க்க?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். பீட்டர்ஸ்பர்க் நகரம் பிறந்தது 1703-ல். பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் மாதா கோயில் கட்டியது 1523-ல். அந்த நகரத்தைவிட நம் மலைக்கோயில் 180 ஆண்டு மூத்தது. பல்லாவரத்துக் குடைவரையோ அந்த மலைக்கோயிலைவிடவும் சுமார் 900 ஆண்டு மூத்தது!

இவை அனைத்தும் ஒரே ரெயில் பாதையில் இருக்கின்றன. டிக்கெட் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவைக்கூட எட்டாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு தெருக்காரர்கள். இருபது அல்லது முப்பது பேர். கையில் கட்டுச்சோறு. தாம்பரத்தில் ஏறி, பரங்கிமலையில் முடியட்டும். அந்த ஒரு நாளை நம்மோடு சேர்ந்து நடந்து பாருங்கள்.

காலை: பல்லாவரம்

வெயில் ஏறுவதற்கு முன் பல்லாவரத்தில் இறங்குவோம்.

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி. ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயர் இந்த ஊருக்கு வந்தார். நிலத்தையும் பாறையையும் ஆராயும் இலாகாவில் அவருக்கு வேலை. வயது 28. பட்டாளத்து மைதானத்தின் பக்கம் சரளை மண் தோண்டிய குழி ஒன்று இருந்தது. அதில் ஒரு கல்லைப் பார்த்தார். எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

அது தானாக உடைந்த கல் அல்ல. ஒரு மனிதன் தட்டித் தட்டிக் கூர் செய்த கருவி. இரும்பை அறியாத காலத்து மனிதன் செய்தது!

இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்குக் காட்டிய முதல் சான்று அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகள் கிடைத்தன. அங்கே பின்னாளில் தொல்லியல் அறிஞர்கள் விரிவாகத் தோண்டி ஆராய்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் அறிவித்தார்கள். பூட் சேர்த்த கருவிகள் 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

இந்தக் கதை தொடங்கியது எங்கே? நாம் தினமும் காய்கறி வாங்கும் பல்லாவரத்தில்!

அடுத்தது குன்றைக் குடைந்து செய்த கோயில். 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் செய்வித்தது. செங்கல் வேண்டாம், மரம் வேண்டாம், பாறையையே கோயில் ஆக்குவேன் என்று துணிந்த மன்னன் அவன். உள்ளே ஐந்து அறைகள் குடைந்திருக்கிறார்கள். மன்னனின் விருதுப் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பல்லவபுரம் என்பதே பல்லாவரம் ஆயிற்று.

இன்று அந்தக் குடைவரை தர்காவாக இருக்கிறது. அங்கே தொழுவோர் உண்டு. ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்திப் போக வேண்டும். பல்லவன் குடைந்த பாறை இன்று வேறு ஒரு மதத்தாரின் வணக்கத்துக்கு இடம் தந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். ஒரே கல்லை எத்தனை கைகள் போற்றியிருக்கின்றன!

பல்லாவரத்தை விட்டுப் புறப்படும் முன் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். மறைமலையடிகள்! சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். 1911-ல் அந்த வேலையை விட்டுப் பல்லாவரத்தில் வந்து குடியேறினார். தனித்தமிழ் இயக்கத்தை 1916-ல் இங்கிருந்துதான் தொடங்கினார். 1950-ல் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அவர் வேலை பார்த்த கல்லூரி 1937-ல் நம் தாம்பரத்துக்கே வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கை!

நண்பகல்: திரிசூலம்

அடுத்த நிலையம் திரிசூலம். விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் இறங்கி ஓடுவார்கள். நாம் மறுபக்கம் நடப்போம்.

குன்றுகளுக்கு நடுவே திரிசூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கற்கோயில். நடை சாத்தும் முன் போய்விட வேண்டும். சுவரில் உள்ள எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தேய்க்காமல் பார்க்கட்டும். அவை தமிழ் எழுத்துக்கள்தான். நமக்கு உடனே படிக்க வராது. எழுத்தின் உருவம் காலத்தோடு மாறியிருக்கிறது. முதியோர் பள்ளியில் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்ற பாட்டி அங்கே வந்தால், "ஆயிரம் வருஷத்து எழுத்தைப் பார்த்து நீங்களும் முழிக்கிறீர்களா? வாருங்கள், சேர்ந்து படிப்போம்" என்று பேரனைக் கேலி செய்யலாம்!

மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். புளியோதரையும் தயிர்ச்சாதமும் கூட்டத்தில் சாப்பிட்டால் தனி ருசி. இலையையும் காகிதத்தையும் திரும்பக் கட்டி எடுத்து வாருங்கள். கிழவர்கள் கொஞ்சம் கண் அயரட்டும்.

சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பாறையின் கதையைப் பேசலாம். கல்கத்தா நகரின் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக். அவருடைய கல்லறைக்கு வைத்த கல் இந்தப் பக்கத்து மலையில் இருந்து போனது. பின்னால் ஹாலந்து என்ற பாறை ஆராய்ச்சியாளர் அந்தக் கல்லைச் சோதித்தார். 1893-ல் அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்று உலகில் எந்த மூலையில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். ஊர் நம்முடையது, கல் நம்முடையது!

மாலை: பரங்கிமலை

வெயில் சாய்ந்ததும் பரங்கிமலையில் இறங்குவோம். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதை இருக்கிறது.

இயேசுவின் சீடரான புனித தோமையார் இங்கே உயிர்த்தியாகம் செய்தார் என்பது கிறிஸ்தவ மக்களின் நம்பிக்கை. 1547-ல் இங்கே நிலத்தைத் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதில் பழைய பாரசீக எழுத்து பொறித்திருக்கிறது. மலைக்குப் படிகள் கட்டித் தந்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி. 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டிக் கொடுத்தவரும் அவரே. அந்தப் பாலம் இருந்த இடத்தில் இப்போது நிற்கும் பாலத்துக்கு யார் பெயர் தெரியுமா? காலையில் நாம் பேசிய மறைமலையடிகளின் பெயர்!

மலை உச்சியில் நின்று தெற்கே பாருங்கள். 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி இந்த மலையடிவாரத்தில் ஓர் இரும்புச் சங்கிலியை விரித்தார். நீளம் 100 அடி. வெயிலில் இரும்பு நீளுமே, கணக்குத் தப்புமே என்று அதைக் கூடாரத்தின் நிழலில் வைத்து அளந்தார்கள். பெரும்பாக்கம் வரை ஏழரை மைல். சங்கிலியை 400 தடவை வைத்து எடுத்தார்கள். 57 நாள் ஆயிற்று.

அந்தக் கோட்டில் தொடங்கித்தான் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். வேலை இமயம்வரை போயிற்று. 1852-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணக்கர் உலகின் உயரமான சிகரத்தைக் கணக்கிட்டுச் சொன்னார். அதுதான் எவரெஸ்ட். அன்று அறிவித்த உயரம் 29,002 அடி. இன்று நவீனக் கருவிகள் சொல்லும் உயரம் 29,032 அடி. தவறு முப்பதே அடி!

இமயத்தின் உயரத்தை அறிய முதல் முழம் போட்ட இடம் பரங்கிமலை. இதைக் கேட்ட பிள்ளை மறுநாள் ரெயிலில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடுமா, போடாதா?

கூட்டமாகப் போகும்போது

நாலைந்து விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

கூட்டத்துக்கு ஒரு தலைவர் இருக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணட்டும்.

மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும். அவர் வேகம்தான் கூட்டத்தின் வேகம்.

மூன்று இடம் போதும். ஒவ்வொன்றிலும் உட்காருங்கள். ஓடாதீர்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் கதை சொல்ல ஒருவர் முன்னதாகப் படித்துக்கொண்டு வரட்டும். கல்லூரிப் பெண் ஓர் இடம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஓர் இடம். எட்டாம் வகுப்புப் பையன் ஓர் இடம். தப்பாகச் சொன்னால் மற்றவர் திருத்தட்டும்.

கல்லில் பெயர் எழுதாதீர்கள். மகேந்திரவர்மன் தன் பெயரைப் பொறித்தான் என்றால், அவன் அந்தக் கோயிலையே குடைந்தவன்! நாம் ஆணியால் கீறுவதற்கு என்ன உரிமை?

மலை தேய்கிறது

இதை எல்லாம் இப்போது ஏன் சொல்கிறோம்?

திரிசூலம், பல்லாவரம் குன்றுகளைப் பாருங்கள். பல இடங்களில் பாதி மலை இல்லை. பல காலம் வெடிவைத்து, உடைத்து, ஜல்லியாக அள்ளிப் போய்விட்டார்கள். நம் வீட்டுத் தளத்திலும் அந்த ஜல்லி இருக்கும். குவாரிக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அத்தகைய குழிகளில் குளிக்கப் போய் உயிரை விட்ட இளைஞர்கள் உண்டு. பல்லாவரத்துக் குன்றுகளில் பழங்கால மக்கள் இறந்தோரைப் புதைத்த சின்னங்கள் உள்ளன. சுட்ட மண்ணால் ஆன ஈமப் பேழைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் தலைமாட்டிலேயே இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன.

வீட்டுக்காரர்களைக் குறை சொல்லி விடலாமா? கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும் என்று 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் உழைத்துச் சேர்த்த பணத்தில் மனை வாங்கியவர், மகளுக்கு மாடியில் ஓர் அறை கட்ட முடியாமல் தவிக்கிறார். அவருக்குச் சரித்திரம் என்றால் நோட்டீஸ் என்றுதானே அர்த்தம்?

சர்க்கார் எல்லையை எல்லோருக்கும் தெரியும்படி கல் நட்டுக் காட்ட வேண்டும். மனை விற்கும்போதே வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். அனுமதி கேட்பவரை அலைய விடக் கூடாது. ரெயில் நிலையங்களில் ஊரின் கதையைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அதே சமயம் நாமும் ஒன்று செய்ய வேண்டும். நம் ஊர் எது என்று நாம் அறிய வேண்டும். தெரியாத பொருளை யாரும் காக்க மாட்டார்கள். "சும்மா மலை" என்று நாம் சொல்லும் வரை அதை உடைப்பவனுக்கும் அது சும்மா மலைதான்.

லெனின்கிராட் வழிகாட்டியின் ஓவியங்கள் போர் முடிந்ததும் 1945-ல் திரும்பி வந்தன. சட்டங்களில் மறுபடி ஏறின. மலை அப்படி அல்ல. ஜல்லியாகப் போன மலை திரும்பி வராது. அதற்குப் பிறகு நம் பேரப்பிள்ளைகள் ஒரு பள்ளத்தின் கரையில் நின்று, "இங்கே ஒரு மலை இருந்தது" என்று வெறும் சட்டத்தைக் காட்ட வேண்டி வரும்.

அந்த நாள் வர வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நாலு குடும்பம் சேருங்கள். பாட்டியையும் அழைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் ரெயில் ஏறுங்கள்.

"அது என்ன மலை?" என்று குழந்தை கேட்கும்.

இந்தத் தடவை பதில் சொல்லுங்கள்!